சட்டை வக்கீல்

என் மனைவியை நீதிமன்ற வட்டாரத்தில் முகத்துக்கு நேராக வக்கீலம்மா என்பார்கள், முதுகுக்குப் பின்னால் சட்டை வக்கீல் என்பார்கள். அவளுக்கு இது தெரியும். கொஞ்சம் பெருமைகூட உண்டு. ஆற்றாமை எனக்குத்தான். அந்தச் சட்டைகளையெல்லாம் தைத்தவன் நான். என்னை யாரும் எப்படியும் கூப்பிடுவதில்லை.

அவள் எடுப்பதெல்லாம் பெரிய குற்ற வழக்குகள். கொலை, தீ வைப்பு, ஆள் கடத்தல். வாடகைத் தகராறு, சுவர்த் தகராறு என்று யாராவது வந்தால் பக்கத்து அறை வக்கீலிடம் தள்ளிவிடுவாள். சிறையிலிருந்து அழைத்து வரப்படுகிறவர்கள் பெரும்பாலும் பிடிபட்ட அன்று போட்டிருந்த உடுப்போடுதான் வருவார்கள். காலர் கிழிந்து, பொத்தான் தெறித்து, தோளில் அழுக்குப் படிந்து இருக்கும். "அந்தக் கோலத்துல பார்த்தா பெத்த தாயே சந்தேகப்படுவாங்க" என்பாள் அவள். அதனால் சாட்சி விசாரணை தொடங்கும் நாளில் அவளுடைய கட்சிக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு நல்ல சட்டை. கிழிசல் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதும் கிடையாது. என் அலமாரியிலிருந்து எடுத்தது, இல்லாவிட்டால் என் மெஷினில் தைத்தது.

ஆளைப் பார்க்காமல் எப்படித் தைப்பது? அளவு அவள்தான் சொல்வாள், அதுவும் என்னை வைத்து. "தோள் உங்களை மாதிரி. கை கொஞ்சம் நீளம். வயித்துல பாதியைக் குறைச்சுக்குங்க." கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனோடு ஒப்பிட்டு, அவனைவிட எனக்குத் தொப்பை பெரிது என்று கட்டின மனைவி சொல்வதைக் கேட்டுக்கொண்டு கத்தரிக்கோலைப் பிடிப்பவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இதில் இன்னொரு கொடுமை. விடுதலையானவன் எவனும் சட்டையைத் திருப்பித் தந்ததில்லை. தண்டனை அடைந்தவர்களின் வீட்டார்தான் துவைத்து மடித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். அலமாரி காலியாக இருந்தால் அவளுக்கு நல்ல காலம் என்று அர்த்தம்.

நீதிமன்றத்தில் புலி என்பார்கள். வீட்டில் அந்தப் புலியை நான் பார்த்ததில்லை. குழாய் சொட்டுகிறது என்று பிளம்பரிடம் சண்டை போடப் போவாள். அவர் "அது அப்படித்தாம்மா சொட்டும்" என்பார். இவளும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வருவாள். எந்த டீயையும் சூடாகக் குடித்ததில்லை. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று ஒரு நாளும் ஞாபகம் இருக்காது. வெங்காயம் நறுக்கிக்கொண்டே மறுநாள் கேட்க வேண்டிய கேள்விகளை வெங்காயத்திடம் கேட்டுப் பார்ப்பாள். கண்ணீர் யாருக்கு வரும் என்று சொல்ல வேண்டியதில்லை. நான் கடையைப் பூட்டிவிட்டு வந்து சமையலறை வாசலில் நின்று அதைக் கேட்பேன். சந்தோஷமாக இருக்கும். எங்கள் வீடு சந்தோஷமான வீடு. அதைச் சொல்ல எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை.

'தப்பு செய்தவன் என்று தெரிந்தும் அவனுக்காக எப்படி வாதாடுகிறீர்கள்?' இந்தக் கேள்வியை அவளிடம் கேட்காதவர்கள் கிடையாது. கல்யாண வீட்டில் கேட்பார்கள், ஆஸ்பத்திரி வரிசையில் கேட்பார்கள். பல் டாக்டர் ஒருமுறை அவள் வாய்க்குள் கருவியை விட்டுக்கொண்டே கேட்டார். அன்று அவள் சொன்ன பதிலில் மட்டும் யாரும் குறை கண்டுபிடிக்கவில்லை. மற்ற நேரங்களில் மனநிலையைப் பொறுத்துப் பதில் மாறும். என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். "நீங்க அளவு எடுக்காம வெட்டுவீங்களா? நான் டேப்பைப் பிடிக்கிற ஆள். அளவு சரியா இருந்தா ஜெயிலுக்குப் போகட்டும். டேப்பே வேண்டாம்னு சொல்றாங்க பாருங்க, அதுக்குத்தான் சண்டை."

எனக்கு இது புரிந்ததா என்றால், புரிந்த மாதிரி இருந்தது. யாராவது செய்தாக வேண்டிய வேலை, அதை இவள் செய்கிறாள், நம் வீட்டு வாசலுக்கு அந்தப் பக்கம் நடக்கிறவரை நமக்கு என்ன என்று இருந்தேன்.

வாசலுக்கு இந்தப் பக்கம் வந்தது கணக்கு டீச்சரின் வழக்கு.

ஓய்வு பெற்று, அடுத்த தெருவில் தனியாக இருந்தவர். ஒரு காலையில் கழுத்து நெரிக்கப்பட்டு, கூடத்தில் கிடந்தார். ஊரே அழுதது. ஊரில் பாதிப்பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள், மீதிப் பாதியின் பிள்ளைகள் படித்தவர்கள். என் விரல் முட்டியில் அவருடைய ஸ்கேல் இறங்காத வாரம் கிடையாது. இன்றைக்கு நான் துணியை வீணாக்காமல் வெட்டுகிறேன் என்றால் அது அவர் போட்ட போடு. கடைசி வரைக்கும் அவருடைய உடுப்புகளை நான்தான் தைத்தேன். என் கணக்கில் தப்புக் கண்டுபிடித்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டு போவார்.

அந்த வாரம் டீச்சரின் ஜன்னல்களுக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயிண்டரைப் போலீஸ் பிடித்தது. சுற்றுச்சுவரின் மேல் வர்ணக் கறை இருந்தது. எதிர்வீட்டுப் பேக்கரிக்காரர் ஊருக்குப் புதிது; ராத்திரி வேலை, பகலில் தூக்கம். அவர் விடியற்காலையில் அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு வெளியே வந்தபோது ஒருவன் அந்தச் சுவரைத் தாண்டிக் குதித்ததைப் பார்த்திருந்தார். ஊர் அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டது. நானும் அதில் கையெழுத்துப் போட்டவன்தான்.

பெயிண்டரின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனாள். அவள் போனதும் நான் சமையலறைக்குப் போனேன்.

"எடுக்கப் போறியா?"

"எடுத்தாச்சு."

"டீச்சர்மா! யார்னு தெரியுமா உனக்கு? இந்த ஊர்ல ஒரு வக்கீல் அந்தக் கேஸைத் தொடலை."

"ஏன் தொடலைன்னு யோசிச்சீங்களா? எல்லாரும் அவங்ககிட்ட படிச்சவங்க. இந்த ஊர்ல அவங்ககிட்ட அடி வாங்காத ஒரே வக்கீல் நான்தான். நான் கட்டிக்கிட்டு வந்தவ. நானும் மாட்டேன்னா அவன் பக்கத்துல யாருங்க நிப்பாங்க?"

"யாரும் நிக்க வேண்டாம்."

அவள் வெங்காயத்தை எடுத்தாள். "இவனுக்கு மட்டும் நான் ஊசியைத் தொட மாட்டேன், சொல்லிட்டேன்" என்றேன். "சரி" என்றாள். அந்தச் 'சரி' இருக்கிறதே, அதைப்போல மனுஷனுக்கு எரிச்சல் மூட்டுவது எதுவும் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். கோபத்தில் ஷேவ் செய்வதையும் நிறுத்திவிட்டேன். யார்மேல் கோபமோ அவர்கள் முகத்தில் அல்லவா தாடி வளர வேண்டும்? என் முகத்தில் வளர்ந்து அரித்தது.

என் அக்கா ஒரு படி மேலே போனாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். "டீச்சரைக் கொன்னவனுக்கு வக்காலத்து வாங்குற வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்று அறிவித்துவிட்டாள். ஆனால் என்னைப் பார்க்காமலும் இருக்க முடியாது. ஆகவே தினமும் கேட்டுக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கும் என்னிடம் தெருவுக்கே கேட்கும்படி பேசிவிட்டுப் போவாள். என் மனைவி மரியாதையாக ஒரு நாற்காலியைக் கொண்டுபோய் கேட்டுக்கு வெளியே போட்டாள். அக்கா அதில் உட்கார்ந்துகொண்டு பகைமையைத் தொடர்ந்தாள்.

இந்த இடத்தில் என்னுடைய ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். கட்டம் போட்ட துணியில் ஒரே ஒரு சட்டை வெட்டினால் நிறைய வீணாகும். தோளிலும் பையிலும் கட்டத்துக்குக் கட்டம் சேர வேண்டுமே. இரண்டாகச் சேர்த்து வெட்டினால் ஒன்றில் மிஞ்சியது இன்னொன்றுக்குக் கை ஆகும். அதனால் எனக்கென்று தைத்துக்கொள்ளும் கட்டச் சட்டை எப்போதும் ஜோடியாகத்தான் இருக்கும். நான் ஊசியைத் தொட மாட்டேன் என்றதும் அவள் அலமாரியைத் திறந்து பச்சைக் கட்டச் சட்டையில் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். எதை எடுத்தாள் என்று நான் பார்க்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. பேச்சுவார்த்தை அந்த அளவில் இருந்தது.

பேக்கரிக்காரர் சாட்சி சொல்லும் நாள் வந்தது. அவள் கிளம்பிப் போன பிறகு பார்க்கிறேன், கண்ணாடி என் தையல் மெஷின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அது இல்லாமல் அவளால் ஒரு வரி படிக்க முடியாது. கோபம் வேறு, கண்ணாடி வேறு. அலமாரியில் கைக்கு வந்த சட்டையை மாட்டிக்கொண்டு, கடையைச் சாத்திவிட்டு ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது விசாரணை தொடங்கிவிட்டது. அவள் முன்னால் நின்றுகொண்டு, ஒரு தாளைக் கை எட்டுகிற தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்துக்கொண்டிருந்தாள். நடுவில் புகுந்து கொடுக்க முடியாது. வாசலில் நின்ற சிப்பந்தி 'உட்காருங்க' என்று சைகை காட்டினார். பின்வரிசைப் பெஞ்சில் ஓரமாக ஒரு இடம் இருந்தது. உட்கார்ந்தேன். குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிற்கும் கூண்டின் மரச்சட்டத்தைப் பழுதுபார்க்கக் கழற்றி வைத்திருந்ததும், அதனால் அன்று அவர்களைப் பின்பெஞ்சில் உட்கார வைத்திருந்ததும் எனக்கு எப்படித் தெரியும்?

மூச்சு வாங்கி முடித்துப் பக்கத்தில் திரும்பினால், என் சட்டை உட்கார்ந்திருக்கிறது. அதே பச்சைக் கட்டம், அதே காலர், நான் தைத்த அதே பை. உள்ளே பெயிண்டர். சிறையில் மழமழவென்று ஷேவ் செய்து, தலை வாரி, பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளை மாதிரி இருந்தான். அவன் என் சட்டையைப் பார்த்தான், தன் சட்டையைப் பார்த்தான். எனக்கு இடம் விட்டுக் கொஞ்சம் நகர்ந்தான். பிறகு மெதுவாக, "நல்லாத் தைச்சிருக்காங்க" என்றான்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த நொடியே என்மேல் எனக்கு எரிச்சல் வந்தது. எழுந்து வேறு இடம் போகலாம் என்று நினைப்பதற்குள் பேக்கரிக்காரர் சாட்சிக்கூண்டில் ஏறிவிட்டார். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாத முகம். "தெரு விளக்குல அவன் முகத்தை நல்லாப் பார்த்தேங்க. செத்தாலும் மறக்காது" என்றார். அரசு வக்கீல் கேட்டார்: "அந்த ஆள் இப்ப இந்த அறையில இருக்காரா?"

பேக்கரிக்காரர் ஒரு சுற்றுப் பார்த்தார். பின்பெஞ்சில் கண் வந்து நின்றது. கை நீண்டது.

நான் எனக்குப் பின்னால் யார் என்று திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"அதோ. தாடி வச்சுக்கிட்டு, பச்சைக் கட்டம் போட்ட சட்டை. ஓரத்துல இருக்கான் பாருங்க. அவன்தான்."

அறையிலிருந்த அத்தனை தலையும் திரும்பியது. முன்வரிசையில் டீச்சரின் மகள் இருந்தாள். வெளியூரில் வளர்ந்து அங்கேயே குடியிருப்பவள், என்னைத் தெரியாது. அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை. அந்த நிமிஷம் அவளுடைய அம்மாவைக் கொன்றவன் நான். 'நான் இல்லை' என்று சொல்ல வாயைத் திறந்தேன். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள் என்று ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டதும் அது இன்னும் மோசமாகப் படுமே என்று தோன்றியது. கையை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

அரசு வக்கீல் உள்ளூர்க்காரர். என்னை அடையாளம் தெரிந்ததும் அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயா, இது நாடகம்! அது இந்த அம்மாவோட வீட்டுக்காரர். குற்றவாளிக்குப் போட்ட அதே சட்டையைப் போட்டுப் பக்கத்துல கொண்டுவந்து உட்கார வச்சிருக்காங்க. சாட்சியைக் குழப்பறதுக்குத் திட்டம் போட்டுச் செஞ்சிருக்காங்க!"

நீதிபதியின் குரலில் அதுவரை இருந்த சாந்தம் போய்விட்டது. "அம்மா, இது உண்மைன்னா இந்த வழக்கோட இது முடியாது. உங்க கோட்டைக் கழட்டி வைக்க வேண்டியிருக்கும்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. என்னைப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பயந்து நான் பார்த்தது அன்றுதான். "அவர் என் வீட்டுக்காரர்தாங்க ஐயா. சட்டை ரெண்டும் எங்க வீட்டுச் சட்டைதான். அவர் எதுக்கு வந்தார்னு எனக்குத் தெரியாது. அவரையே கேளுங்க. அவர் என்ன சொன்னாலும் நான் ஒத்துக்கறேன்."

பேச்சுவார்த்தை இல்லாமல் தாடி வளர்த்துக்கொண்டிருந்தவன் வாயில் தன் பிழைப்பையே கொண்டுவந்து வைத்தாள்.

நீதிபதி என்னை எழுந்து நிற்கச் சொல்லி, உண்மை சொல்வதாக உறுதிமொழி வாங்கினார். "உங்களை யார் வரச் சொன்னாங்க?"

"யாரும் சொல்லலைங்க. கண்ணாடி." பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். "மறந்து வச்சிட்டு வந்துட்டா. இது இல்லாம அவளுக்கு எழுத்து தெரியாது."

நீதிபதி அவளைப் பார்த்தார். காலையிலிருந்து அவள் தாளைத் தூரத்தில் நீட்டிப் பிடித்துத் தடுமாறியதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். "சட்டை?"

"நான் தையல்காரனுங்க. கட்டத் துணியை ஒத்தையா வெட்டினா வீணாப் போகும். அதான் எப்பவும் ரெண்டு." யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது. "ஐயா, இந்தக் கேஸை எடுக்காதேன்னு வீட்டுல சண்டை போட்டவன் நான். எனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே டீச்சர்தான். இவனைக் காப்பாத்த நான் எதுக்குங்க வேஷம் போட்டுட்டு வரணும்? இன்னிக்கு வரைக்கும் நான் அவகிட்ட சரியாப் பேசலை. வேணும்னா எங்க அக்காவைக் கேளுங்க."

அக்காவைக் கேட்கவில்லை. நல்லவேளை. நீதிபதி சிறிது நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியை அவளிடம் கொடுக்கச் சொன்னார், நடந்ததை அப்படியே பதிவு செய்யச் சொன்னார், விசாரணை தொடரட்டும் என்றார்.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேக்கரிக்காரர் பக்கம் போனாள். அவரைக் கிழித்து எறிவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். மெதுவாகக் கேட்டாள். "ஐயா, நீங்க பொய் சொல்லலை. எனக்குத் தெரியும். அன்னிக்கு நீங்க பார்த்தது முகமா, இல்ல அவசரத்துல ஒரு உருவமா?"

அவர் என்னைப் பார்த்தார், பெயிண்டரைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "தெரியலம்மா. முகம்னுதான் நினைச்சுட்டிருந்தேன்."

"வேற கேள்வி இல்லைங்க ஐயா" என்று உட்கார்ந்துவிட்டாள்.

நான் வீடு திரும்புவதற்குள் செய்தி தெருவுக்கு வந்திருந்தது. முதல் வேலையாகத் தாடியை எடுக்க சலூனுக்குப் போனேன். சலூன்காரன் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டு, "சும்மா கேக்கறேன், அன்னிக்கு விடியகாலைல நீங்க எங்கண்ணே இருந்தீங்க?" என்றான். விளையாட்டுக்குத்தான். ஆனால் எங்கே இருந்தேன்? தூங்கிக்கொண்டிருந்திருப்பேன். யார் பார்த்தது? வீட்டுக்கு வந்ததும் அவளிடம் கேட்டேன்.

"தூங்கிட்டுத்தான் இருந்திருப்பீங்க."

"நீ பார்த்தியா?"

"நான் தூங்கிட்டிருந்தேனே" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வர வெகு நேரம் ஆனது.

நாங்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போது அக்கா புயல் மாதிரி வந்தாள். நாற்காலியைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, நேராகக் கூடத்துக்கே வந்துவிட்டாள். "என் தம்பியைப் பார்த்தா கொலைகாரன் மாதிரியா இருக்கு அந்த ரொட்டிக்காரனுக்கு? கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று ஆரம்பித்து, கடைசியில் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்குப் போலீஸ் கீலீஸ் வந்தா என்ன பண்றது? வேற யாரையும் நம்பாதே. நீயே வாதாடு." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. தட்டைப் போடச் சொன்னாள். பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

சில மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. மற்ற ஆதாரங்கள் தனியாக நிற்கவில்லை, பெயிண்டர் விடுதலை. அவன்தான் செய்தானா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அவளிடம் அவன் ஏதாவது சொல்லியிருந்தாலும் அது என் காதுக்கு வராது. வேறு யாரும் இதுவரை பிடிபடவில்லை. டீச்சரை நினைக்கும்போதெல்லாம் இது என்னை அறுக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

தீர்ப்பு நாளில் நானும் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். தாழ்வாரத்தில் டீச்சரின் மகள் எதிரே வந்தாள். என் மனைவி ஒதுங்கிப் போகவில்லை, நின்றாள்.

"உங்களுக்கு ராத்திரி தூக்கம் வருமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"இன்னிக்கு வராதும்மா" என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் போகும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

பிறகு நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தோம். வெயில் தாழ்ந்து காற்று வந்துகொண்டிருந்தது. வெகுநாளாக எனக்குள் அரித்துக்கொண்டிருந்ததை அன்று கேட்டுவிட்டேன்.

"அந்த ஆள் என்னைக் கையை நீட்டிக் காட்டினாரே, ஒரு நிமிஷமாவது என்மேல சந்தேகம் வந்ததா உனக்கு?"

"சீ, லூசு மாதிரி கேக்காதீங்க."

"இல்ல, சொல்லு. நிஜமாவே நான் செஞ்சிருந்தா?"

அவள் எனக்குப் பிடிக்காத அளவுக்கு நேரம் எடுத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "செஞ்சிருந்தா உங்க மூஞ்சியில முழிச்சிருக்க மாட்டேன். வீட்டுல சேர்த்திருக்க மாட்டேன். ஆனா கோர்ட்டுல உங்க பக்கத்துல வந்து நின்னிருப்பேன். தனியா விட்டிருக்க மாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தெருவில் வைத்து அழ வெட்கமாக இருந்ததால் தும்முவது போல முகத்தை மூடிக்கொண்டேன். அவள் நம்பினாளோ என்னவோ, கைக்குட்டையைக் கொடுத்தாள். டீச்சரைக் கொன்றவன் யாராக இருந்தாலும் அவனுக்கும் இப்படி ஒருத்தி கிடைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அப்படி ஒருத்தி வேண்டியிருந்தது.